அரங்கு இருக்கு, சில்லு எங்கே? ஃபோம் பாண்டி மேட் வாங்கலாமா?

கட்டத்துக்குள் நொண்டியடித்து ஆடும் பாண்டிக்கான மேட் இது. பெட்டியைப் பிரித்தால் பத்து ஃபோம் தட்டுகள். ஒவ்வொன்றும் 30 செ.மீ. சதுரம், கனம் 1 செ.மீ. ஓரங்களைப் பல்லுப் பல்லாக வெட்டி ஒன்றோடொன்று கோக்கும்படி செய்திருக்கிறார்கள். நடுவில் 1 முதல் 10 வரை எண்கள். எண்ணைத் தனியாகப் பெயர்த்தெடுத்துத் திரும்பப் பொருத்தலாம். கூடவே அதே ஃபோமில் வெட்டிய இரண்டு வட்டத் துண்டுகள், மடித்து வைத்த ஒரு தாள். விலை 649 ரூபாய். திருநெல்வேலி டவுன் ரத வீதிகளிலும் பாளையங்கோட்டையிலும் பொம்மைக் கடை வாசலில் அட்டைப் பெயர் மட்டும் மாறி இதே சரக்குத்தான் தொங்குகிறது. ஆன்லைனிலும் அதுவே. அதனால் கம்பெனிப் பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். தட்டுகள் பரவாயில்லை, ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். கூட வரும் வட்டத் துண்டுகளுக்கு மார்க் போடவே மனசு வரவில்லை. கட்டத்தில் எறிந்து காலால் தள்ள நல்ல ஓட்டுச் சில்லு ஒன்று தேடிக்கொண்டால் அந்த மூன்று நான்காகும்.

மடித்து வைத்த தாளில் விளையாடும் முறை தமிழிலும் இருக்கிறது. ‘சிப்ஸை முதல் பெட்டியில் எறியுங்கள். சிப்ஸ் இருக்கும் பெட்டியில் ஹாப் செய்யாதீர்கள்’ என்று போகிறது. நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை வைத்து யாரும் பாண்டி ஆடுவதில்லை. சொல்ல வந்தது சில்லு. மொழிபெயர்த்தவருக்கு (அல்லது மொழிபெயர்த்த எந்திரத்துக்கு) அந்தச் சொல் கிடைக்கவில்லை. தயாரித்தவருக்கு அந்தப் பொருள் கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே கோளாறுதான். சில்லு என்ற சொல் எதையெல்லாம் குறிக்கிறது என்று தெரிந்தவர் அதை ஃபோமில் வெட்டியிருக்க மாட்டார்.

திருநெல்வேலிச் சீமையில் தினமும் காதில் விழும் சொல் இது. தேங்காயை உடைத்துச் சிரட்டையிலிருந்து கத்தியால் நெம்பி எடுத்தால் தேங்காய்ச் சில்லு. கண்ணாடி டம்ளர் கைதவறிப் போனால் ‘சில்லு கிடக்கும், செருப்பப் போட்டுட்டு வா’. கூரையில் குரங்கு ஓடினால் முற்றத்தில் வந்து விழுவது ஓட்டுச் சில்லு. முழங்காலை மூடியிருக்கும் வட்ட எலும்பு முட்டுச் சில்லு. உடன்குடிப் பக்கத்துச் சில்லுக் கருப்பட்டியைத் தெரியாதவர் இருக்க முடியாது: பெரிய கருப்பட்டி போலச் சிரட்டை வடிவத்தில் இல்லாமல், சுக்கும் ஏலக்காயும் மணக்க, உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன வட்டு. சண்டையில் ‘சில்லுமூக்கு உடஞ்சிரும்’ என்று மிரட்டுகிறோமே, அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். ‘சில்லுனு காத்து’ மட்டும் வேறு சாதி. அது குளிர்ச்சிக்கான குறிப்புச் சொல்.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டு பொருள் இழையோடுவது தெரியும். ஒன்று, கெட்டியான பெரிய ஒன்றிலிருந்து உடைந்து வந்த துண்டு. இரண்டு, தட்டையான சின்ன வட்டம். இலங்கைத் தமிழர் இந்த இரண்டாவது பொருளை நீட்டிக்கொண்டு போய்ச் சக்கரத்துக்கே சில்லு என்று பெயர் வைத்துவிட்டார்கள். சைக்கிளுக்கு அங்கே முன் சில்லு, பின் சில்லு. கணினித் தமிழ் எழுதுகிறவர்கள் முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு, சிலிக்கன் துண்டுக்குச் சில்லு என்று எழுதுகிறார்கள். அவர்கள் சிப்பைச் சரியாகச் சில்லு ஆக்கினார்கள்; பொம்மைக்காரர்கள் சில்லைக் கொண்டுபோய்ச் சிப்ஸ் ஆக்கியிருக்கிறார்கள்.

விளையாட்டுச் சில்லில் இரண்டு பொருளும் ஒன்றாகச் சேர்கின்றன. முதலில் ஓட்டை உடைக்க வேண்டும், பிறகு ஓரத்தைத் தேய்த்து வட்டமாக்க வேண்டும். கீழடியிலும் வெம்பக்கோட்டையிலும் அகழாய்வில் கிடைத்த சுடுமண் வட்டச் சில்லுகளில் இந்த வேலையைக் கண்ணால் பார்க்கலாம். பானை ஓட்டை உடைத்து விளிம்பைத் தேய்த்துச் செய்தவை. எந்தப் பொருளில் எடுத்தாலும் சில்லு என்றால் கெட்டி. கைக்குக் கொஞ்சம் பாரம் தெரிய வேண்டும். அமுங்குகிற சில்லு என்று ஒன்று தமிழில் கிடையாது.

சில ஊர்களில் இதையே வட்டு என்பார்கள். அது பழைய சொல். ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்று கல்லாமை அதிகாரத்தின் முதல் குறள், 401, தொடங்குகிறது. அரங்கு என்றால் ஆட்டத்துக்காகக் கீறிய கட்டம். நூல் படிக்காமல் சபையில் பேசப் போகிறவன், கட்டம் கீறாமல் வட்டு ஆடுகிறவனுக்குச் சமம் என்கிறார் வள்ளுவர். நற்றிணை மூன்றாம் பாட்டில் பிள்ளைகள் வேப்ப மரத்தின் புள்ளி நிழலில் அரங்கு இழைத்து, நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். அதெல்லாம் நொண்டியடித்து ஆடிய ஆட்டம்தான் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அரங்கும் வேண்டும், வட்டும் வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். இந்தப் பெட்டி குறளைத் தலைகீழாக்குகிறது: அரங்கு வந்திருக்கிறது, வட்டைக் காணோம்.

பெயர் விஷயத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் ‘பாண்டி விளையாட்டு’ என்று தேடினால் மரத்தில் குழி தோண்டிய பல்லாங்குழிப் பலகையும் வந்து நிற்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. தென்பக்கம் பல்லாங்குழிக்கும் பாண்டி என்ற பெயர் உண்டு. கட்டுப் பாண்டி, காசிப் பாண்டி, ராஜ பாண்டி எல்லாம் குழியில் முத்துப் போட்டு ஆடும் வகைகள்தான். ‘சில்லு’ என்று தேடினால் கருப்பட்டி வரும். ‘ஹாப்ஸ்காட்ச்’ என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ போட்டால்தான் இந்த மேட் வரும். அந்தச் சொல்லில் இருக்கும் ஸ்காட்ச்சுக்கு ஸ்காட்லாந்தோடும் சம்பந்தம் இல்லை, பாட்டிலோடும் சம்பந்தம் இல்லை. கீறல், கோடு என்று அர்த்தம். ஒற்றைக் காலில் கோடு தாண்டுவது, அவ்வளவுதான். தெலுங்கில் தொக்குடு பில்ல, மிதித்துத் தள்ளும் வில்லை. ஆங்கிலம் கோட்டைப் பார்த்துப் பெயர் வைத்தது, தெலுங்கும், சில்லாட்டம் என்கிற நாமும் துண்டைப் பார்த்து வைத்தோம். இத்தனைக்கும் 1672-ல் இறந்துபோன பிரான்சிஸ் வில்லபி என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்த விளையாட்டுக் குறிப்புகளில், இந்த ஆட்டத்தை ஓட்டுத் துண்டோ சின்னத் தட்டை ஈயத் துண்டோ வைத்து ஆடுவார்கள் என்று இருக்கிறது. ஆக, ஃபோம் துண்டு அவர்கள் வழக்கமும் இல்லை.

இனி தட்டுகளைப் பார்ப்போம்.

தாளில் போட்டிருக்கும் படம் ஒற்றைக் கட்டம், இரட்டைக் கட்டம், மறுபடி ஒற்றை என்று மேலே ஏறிக்கொண்டு போகிறது. துண்டை எறிந்து, அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுக் குதித்துப் போய், திரும்பும்போது குனிந்து பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். அது ஒரு வகை ஆட்டம். நம் எட்டுக் கட்டம் வேறு. இரண்டு வரிசை, வரிசைக்கு நாலு கட்டம்; சில்லை ஒன்றாம் கட்டத்தில் போட்டு, நொண்டியடித்து உள்ளே போய், ஊன்றிய அதே காலால் ஒவ்வொரு கட்டமாகச் சில்லைத் தள்ளிக்கொண்டு போய், எட்டைச் சுற்றி வெளியே தள்ள வேண்டும். சில்லு கோட்டில் நின்றாலும் போச்சு, கால் கோட்டில் பட்டாலும் போச்சு, ஒரு கட்டம் தாண்டி அடுத்ததில் விழுந்தாலும் போச்சு. எட்டுக் கட்டமும் முடிந்தால் சில்லைப் புறங்காலில் வைத்து நடக்க வேண்டும். பிறகு நெற்றியில் வைத்து, மேலே பார்த்துக்கொண்டே கட்டம் கட்டமாக ‘ரைட்டா?’ என்று கேட்டு, ‘ரைட்டு’ என்று பதில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். கடைசியில் திரும்பி நின்று தலைக்கு மேலாகச் சில்லை எறிந்து, அது விழுந்த கட்டத்தைப் பழமாக்கிக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் பழக்காரர் இரண்டு காலையும் ஊன்றி ஆற அமர நிற்கலாம், மற்றவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பத்துத் தட்டில் எட்டை எடுத்து இரண்டு வரிசையாகக் கோத்தால் நம் அரங்கு தயார். மீதி இரண்டை வாசலில், சில்லு எறிகிற இடத்தில் போட்டுக்கொள்ளலாம். தாளில் இந்த யோசனை இல்லை. ஆனால் அளவு இடிக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் பாதம் சுமார் 20, 21 செ.மீ. நீளம் இருக்கும். 30 செ.மீ. கட்டத்தில் பாதம் போக முன்னும் பின்னும் நாலைந்து செ.மீ.தான் மிச்சம். அதற்குள் சில்லும் கிடக்க வேண்டும், அதைத் தள்ளக் காலைத் திருப்பவும் இடம் வேண்டும். முடியாது. தரையில் கட்டம் போடுகிறவர்கள் ஒரு முழம், அதாவது சுமார் 45 செ.மீ., வைப்பது சும்மா இல்லை. ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த மேட் அளவு சரி. அதற்கு மேல் பொறுக்கி ஆடும் ஆட்டத்துக்கு மட்டும்தான் உதவும்.

அடுத்த கோளாறு கோடு. தட்டுகள் கோக்கும் இடத்தில் பல்லு வளைந்து வளைந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஓடுகிறது. எது கோடு?

“ஏட்டி, கோட்டுல கிடக்கு, நீ அவுட்டு.”

“கோட்டுல ஒண்ணும் இல்ல. பல்லு அந்தப் பக்கத்துது.”

இது சாயங்காலம் வரைக்கும் ஓடும். தீர்வு சுலபம். ஒவ்வொரு இணைப்பின் நடுவிலும் கரண்டு டேப்பை (வயர் சுற்றும் டேப்) நேராக ஒட்டிவிட வேண்டும். கறுப்பு டேப் எல்லா நிறத்திலும் தெரியும். டேப்புதான் கோடு என்று பேச்சு. இதில் இன்னொரு லாபமும் உண்டு. பல்லு இடுக்கில் சில்லின் விளிம்பு மாட்டி நிற்பதை டேப் தடுக்கிறது, சில்லு வழுக்கிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போகும்.

எண்களைச் சொல்லியே ஆக வேண்டும். பெயர்த்தெடுக்கிற எண் என்பது எழுத்துப் படிக்கிற சின்னக் குழந்தைக்கு நல்லது, குதிக்கிற பிள்ளைக்குக் கெட்டது. ஒற்றைக் காலில் இறங்கித் திரும்பும்போது பாதம் முறுக்குகிறது; அந்த முறுக்கில் 4, 6, 9 போன்ற குழி உள்ள எண்கள் முதலில் கழன்று வருகின்றன. கழன்ற இடத்தில் கால்விரல் மாட்டினால் முகம் குப்புற விழ வேண்டியதுதான். தட்டைத் திருப்பிப் போட்டு, எண்ணின் முதுகில் பழுப்பு நிறப் பார்சல் டேப்பை இரண்டு பட்டை குறுக்காக ஒட்டிவிட்டால் அசையாது. மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீடு என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். 6-இன் நடுத்துண்டு வாய்க்குள் போகிற அளவில் இருக்கிறது.

விரிக்கும் இடம் பற்றிச் சில வார்த்தை. மொசைக், டைல்ஸ் தரையில் தூசி இருந்தால் தட்டு முழுவதுமாக நகரும். குதித்து இறங்குகிற பிள்ளைக்குக் காலடியில் தரையே ஓடுவது போல ஆகிவிடும். முதலில் பெருக்கி, ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு விரிக்க வேண்டும். ஒரு ஓரத்தைச் சுவரோடு முட்ட வைத்தால் பாதி நகர்வு குறையும். நாலு மூலையிலும் இரட்டைப் பக்க டேப் போட்டால் மீதியும் நின்றுவிடும். சாக்ஸ் போட்டுக்கொண்டு இதில் ஏறக் கூடாது, வெறுங்கால்தான். பழைய ஓட்டு வீடுகளின் தார்சாவில் (முன்கட்டில்) சிமெண்டுத் தரை கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் டேப்பே வேண்டாம்.

தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், விரிக்கலாமா என்றால், காலை ஒன்பது மணிக்குள் அல்லது சாயங்காலம் ஐந்துக்கு மேல். சித்திரை வெயிலில் நாள் பூராவும் போட்டு வைத்தால் ஃபோம் சுருங்கி ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒரு தடவை தூக்கிக்கொண்ட பல்லு திரும்பக் கோக்காது. கழுவினால் நிழலில் நிமிர்த்தி வைத்துக் காய வையுங்கள். ஈரத்தோடு தரையில் போட்டால் அடியில் வழுக்கும், நாலு நாளில் நாற்றமும் வரும்.

இப்போது அந்த வட்டத் துண்டுகள். விட்டம் 5.5 செ.மீ., கனம் 1 செ.மீ. தராசில் வைத்தால் மூன்று கிராம்கூட இல்லை. அதே அளவில் ஓட்டில் தேய்த்த சில்லு ஏறக்குறைய 45 கிராம் நிற்கும். பதினைந்து மடங்கு வித்தியாசம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்குமோ என்னமோ, இந்தத் துண்டு பறக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்குகிற ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பக்கத்து முற்றத்தில் இதை வைத்து ஒரு சுற்றுகூட முடிக்க முடியாது. காற்றில்லாத அறைக்குள்ளும் பயனில்லை. எறிந்தால் விழுந்த இடத்தில் நிற்காமல் எகிறி உருளும். புறங்காலில் வைத்தால் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தெரியாது. நெற்றியில் வைத்துக் கண்ணை மேலே தூக்கி நடக்கும்போது சில்லின் பாரம்தான் பிள்ளைக்குத் தைரியம். பாரம் இல்லை என்றால் கை தானாக நெற்றிக்குப் போகும், கை போனால் அவுட்டு. தள்ளுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஃபோமோடு ஃபோம் ஒட்டிக்கொள்ளும்.

சில பெட்டிகளில் இதற்குப் பதிலாகப் பயறோ பிளாஸ்டிக் குருணையோ அடைத்த சின்னத் துணிப்பை வருகிறது. எறிய அது நல்லது, ‘சொத்’ என்று விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். தள்ள ஆகாது.

ஆகவே சில்லைச் செய்துகொள்ளுங்கள். அரை மணி நேர வேலை, செலவு இல்லை.

ஓடு எது என்பதில்தான் பாதி வெற்றி. நாட்டு ஓடு வளைவானது, தரையில் வைத்தால் ஆடும், தள்ளும்போது பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். பானை வயிற்று ஓடும் அப்படியே. ஆனால் புறங்காலில் வைக்க அந்த வளைவு கச்சிதம், அதனால் சிலர் லேசாக வளைந்ததையே விரும்புவார்கள். பானையின் அடிப்பாகம் தட்டை. காருகுறிச்சிப் பானை, சட்டி உடைந்தால் அடியைத் தூரப் போடாதீர்கள். எல்லாவற்றிலும் வசதி மங்களூர் ஓடு. 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிவைத்த அந்தச் சீமை ஓடு, எந்திரத்தில் அழுத்திச் சுட்டது, மண் நெருக்கமாக இருக்கும். அடிப்புறம் வரம்பு வரம்பாகவும் கம்பெனி முத்திரையோடும் இருப்பதால், இரண்டு வரம்புக்கு நடுவில் உள்ள சமமான இடத்தைத்தான் எடுக்க வேண்டும். பழைய ஓட்டு வீடு இடிக்கிற இடத்தில் கேட்டால் உடைந்த ஓடு ஒன்று சும்மாவே கிடைக்கும்.

டைல்ஸ் துண்டு, கிரானைட் துண்டு வேண்டாம். டைல்ஸின் வழுவழுப்பான முகம் சிமெண்டுத் தரையில் ஒரே தள்ளலில் மூன்று கட்டம் தாண்டிப் போகும், விளிம்பு பிளேடு போல விரலைக் கீறும். கிரானைட் பாரம் அதிகம், கட்டைவிரல் நகம் போய்விடும்.

எடுத்த துண்டை ஒரு விரல் நுனியில் தொங்கவிட்டாற்போலப் பிடித்து, நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று கேட்டால் நல்லது. ‘டொக்’ என்று அடைத்த சத்தம் வந்தால் உள்ளே கீறல் இருக்கிறது, தேய்க்கும்போது இரண்டாகப் போகும். பிறகு அடுப்புக் கரியால் 6 செ.மீ. வட்டம் வரையுங்கள், சின்ன காபி டம்ளரைக் கவிழ்த்தால் ஏறக்குறைய அந்த அளவு. வட்டத்துக்கு வெளியே இருப்பதைக் கருங்கல் துண்டால் ஓரத்திலிருந்து கொத்திக் கொத்தி எடுக்க வேண்டும். ஒரு கொத்துக்கு ஒரு நெல்லளவு போனால் போதும். அவசரப்பட்டு உள்ளே தள்ளி அடித்தால் சுட்ட மண் தன் இஷ்டத்துக்குப் பிளக்கும். பெரும்பாலான சில்லுகள் உடைவது இந்த இடத்தில்தான். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கொத்தினால் மறுபக்கம் சரிவாகச் செதில் விடும், அதனால் திருப்பித் திருப்பிக் கொத்துங்கள்.

வட்டம் ஓரளவு வந்ததும் பத்து நிமிஷம் தண்ணீரில் போட்டு வைத்து, சொரசொரப்பான கருங்கல்லிலோ சிமெண்டுப் படியிலோ தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேயுங்கள். முதலில் விளிம்பு, சில்லை உருட்டிக்கொண்டே. பிறகு விளிம்பின் இரண்டு முனைகளையும் சாய்த்துப் பிடித்து மழுக்க வேண்டும். கூரான முனை விட்டால் தள்ளும்போது விரலில் ஏறும், ஃபோமையும் வெட்டும். கடைசியில் இரண்டு முகமும். ஒரு முகத்தை நன்றாக மழமழப்பாக்கி, மறு முகத்தைக் கொஞ்சம் சொரசொரப்பாகவே விட்டுவிடுவது கெட்டிக்காரத்தனம்: எறியும்போது சொரசொரப்பு கீழே இருந்தால் விழுந்த இடத்தில் நிற்கும், தள்ளும் சுற்றில் மழமழப்பு கீழே இருந்தால் லேசாகப் போகும். எறிந்த பிறகு திருப்பி வைப்பது கள்ளாட்டம் என்று சண்டை வரும், அதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளவும்.

முடிந்த சில்லு 5.5 செ.மீ. விட்டம், 1 செ.மீ. கனம் இருந்தால் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சரி. பெரிய பிள்ளைகளுக்கு 6 செ.மீ., கனம் கொஞ்சம் கூடலாம். எடை அறுபது கிராம் பக்கம் வரும். அதற்கு மேல் போனால் மேட்டில் தள்ள முடியாது, ஃபோம் அமுங்கி உள்ளே புதையும்.

மேட்டில் ஓட்டுச் சில்லைப் போட்டால் என்ன ஆகிறது? எறிவது அருமையாக இருக்கிறது. ஃபோம் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதால் சில்லு எகிறாது, சிமெண்டில் விழுந்து உடைவதும் குறைகிறது. தள்ளுவது சிரமம்தான். கட்டைவிரலால் மேலிருந்து அழுத்தித் தள்ளினால் நகராது. பாதத்தின் பக்கவாட்டால், விளிம்பில் பட்டும் படாமல் தட்டினால் ஒரு கட்டம் போகும். மண் தரையில் பழகின கால் இதற்குப் பழக இரண்டு நாள் ஆகும். கீழ் வீட்டுக்குச் சத்தம் அவ்வளவாகக் கேட்காது என்பது ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு நிஜமான ஆறுதல்.

இதே விலைக்கு வேறு இரண்டு வகை கிடைக்கிறது. ரோலாகச் சுருட்டி வரும் அச்சடித்த துணி மேட் படுக்கையறைக்கு நல்லது, ஆனால் சுருட்டு நிமிர நாளாகும். எதிர்ப்பக்கமாகச் சுருட்டி ஒரு ராத்திரி வைத்துவிட்டு விரித்தால் ஓரளவு படியும். பத்தமடைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைப் பாய் என்று சொல்ல வாய் வரவில்லை. பிளாஸ்டிக் வளையங்களைக் கிளிப் போட்டுக் கோக்கும் வகையில் சில்லைத் தள்ளி ஆடும் ஆட்டம் நடக்கவே நடக்காது, வளையத்தின் வரம்பு சில்லை மறித்துவிடும். நொண்டிக் கால் வளையத்தில் பட்டால் வளையமும் வரும், பிள்ளையும் வரும். வேண்டாம்.

வளவு வீட்டில், முடுக்குச் சந்தில், கோயில் பக்கத்துத் தெருவில் நாலு முழம் அகலத் தரை இருக்கிறவர்கள் எந்த மேட்டும் வாங்க வேண்டாம். செங்கல் துண்டோ சாக்பீஸோ போதும். முழம் போட்டுக் கட்டம் கீறுங்கள். மழைக்கு அழியும், மறுநாள் கீறிக்கொள்ளலாம். மாடி வீட்டில், மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் பிள்ளை வைத்திருப்பவர்கள் ஃபோம் மேட்டை வாங்கலாம். வாங்கும்போது கடையிலேயே இரண்டு தட்டைக் கோத்துத் தூக்கிப் பாருங்கள். பல்லு கழன்று விழுந்தால் அந்தப் பெட்டி வேண்டாம், வேறு கேளுங்கள். மூக்கருகே வைத்துப் பார்த்து மண்ணெண்ணெய் மாதிரி நெடி அடித்தாலும் அப்படியே. லேசான ரப்பர் வாசம் மட்டும் என்றால் இரண்டு நாள் காற்றாட வைத்தால் போய்விடும்.

பெட்டியோடு வந்த அந்த இரண்டு வட்டத் துண்டுகளையும் எறிந்துவிட வேண்டாம். ஒரு கால் குட்டையாகி ஆடிக்கொண்டிருக்கும் ஸ்டூலுக்கு அடியில் ஒன்றை வைத்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது.